பழைய பேரேடுகளைப் படிக்க வாருங்கள்: வணிகவியல் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீரசோழன்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போய், வணிகவியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவ மாணவியருக்கு வணக்கம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இந்த மடல். கணக்குப்பதிவின் வரலாற்றை உங்கள் ஆய்வுத் துறையாக எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் துறைகளில் இன்று பதிவாகும் தலைப்புகள் பலவும் ஒன்றைப்போல ஒன்று இருக்கின்றன: ஏதாவது ஒரு மாவட்டம், ஏதாவது ஒரு சேவை, வாடிக்கையாளரின் மனநிறைவு, ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாப்பட்டியல். அவற்றால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ஆய்வை எந்த ஊரில் இருந்துகொண்டும் எவரும் செய்துவிடலாம். ஆனால் இந்த வானம்பார்த்த பூமியில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வந்த கணக்குகளைப் படிக்க, கணக்கியலும் தெரிந்து ஊர்வழக்கும் தெரிந்த ஆள் வேண்டும். பற்று எது, வரவு எது என்று படித்துத் தேறியவர்கள் நீங்கள். ஒத்தி என்றால் என்ன, வாரம் என்றால் என்ன, தலைக்கட்டு வரி எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்களும் நீங்கள்தான். இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது. அந்த ஏடுகள் அழிந்துகொண்டிருக்கும் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் இழப்பு உங்களுக்கு மட்டும் அல்ல, தமிழ்நாட்டுப் பொருளாதார வரலாற்றுக்கே.

பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்த எவருக்கும் லூகா பாசியோலி என்ற பெயர் தெரியும். 1494-ல் வெனிஸ் நகரில் அச்சான அவருடைய கணித நூலில் இரட்டைப்பதிவு முறையை விளக்கும் பகுதி ஒன்று உண்டு. அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த முறையை எழுதி வைத்தவர். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1340-ல், ஜெனோவா நகராட்சியின் கணக்கு இரட்டைப்பதிவில் எழுதப்பட்டிருக்கிறது. இது நமக்கு எப்படித் தெரிகிறது? அந்த ஏடுகள் இன்றும் இருப்பதால் தெரிகிறது. பிராட்டோ என்ற சிறு நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தாத்தினி 1410-ல் இறந்தார். அவர் விட்டுச் சென்ற ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் 500-க்கும் மேற்பட்ட கணக்கு ஏடுகளும் அவர் வீட்டிலேயே கேட்பாரற்றுக் கிடந்து 1870-ல் வெளிப்பட்டன. இடைக்கால ஐரோப்பிய வணிகத்தைப் பற்றி இன்று நாம் படிப்பதில் கணிசமான பகுதி அந்தக் குவியலிலிருந்து எழுதப்பட்டது. அரசர் வீட்டு ஆவணமல்ல அது. துணியும் கம்பளியும் விற்ற ஒருவரின் கடைக் கணக்கு. ஒரு நாட்டின் கணக்கு மரபு உலகப் பாடநூலில் இடம்பெறுவதும் பெறாமல் போவதும் அதன் தரத்தை மட்டும் பொறுத்ததில்லை. ஏடு மிஞ்சியதா, மிஞ்சியதை ஒருவர் உட்கார்ந்து படித்தாரா என்பதையும் பொறுத்தது.

இந்தியாவுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு விவாதம் காட்டிவிட்டது. 1986-ல் பி.எம். லால் நிகம் என்ற இந்தியப் பேராசிரியர் ‘அபாகஸ்’ என்ற கணக்கியல் ஆய்விதழில், வடஇந்திய வணிகர்களின் பஹி-காத்தா முறை பாசியோலிக்கு முற்பட்ட இரட்டைப்பதிவு முறை என்று வாதிட்டு எழுதினார். மறு ஆண்டே அதே இதழில் பிரித்தானியக் கணக்கியல் அறிஞர் கிறிஸ்டோபர் நோப்ஸ், அந்தக் கூற்றை ஏற்கும் அளவுக்குச் சான்று இல்லை என்று மறுத்தார். நம்மவர் சொன்னது பொய், வெளியார் சொன்னது மெய் என்று இதற்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது; நம்மவர் சொன்னதாலேயே மெய் என்று பெருமைப்படவும் முடியாது. வாதம் செய்தவர் கையில் காலம் குறித்த பழைய ஏடுகள் வரிசையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி வேறு விதமாக நகர்ந்திருக்கும். பெருமைப் பேச்சு கணக்கியல் வரலாற்றில் செல்லுபடியாகாது. வவுச்சர் கேட்கும் தணிக்கையாளரைப் போல அந்தத் துறை ஏட்டைக் கேட்கிறது. ஏட்டைத் தேடிக் கொடுப்பவரும் படித்துச் சொல்பவரும் இல்லாதவரை நம் கணக்கு மரபைப் பற்றி உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் கணக்குக்குப் பஞ்சம் இருந்ததில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, வாரியத்துக்குப் போட்டியிடும் தகுதியை வரையறுக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த முறை கணக்கு ஒப்படைப்பின் மேல் நின்றது என்பதைக் கணக்கியல் படித்தவர் அல்லவா எடுத்துச் சொல்ல வேண்டும்? அதற்குப் பின் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்களும், திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த எண்சுவடியும் ஊருக்கு ஊர் கணக்கு எழுதத் தெரிந்தவர்களை உருவாக்கின. நம் திருச்சுழியிலேயே சான்று இருக்கிறது. இரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் பன்னிரண்டு வயதில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தராக, மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை தொடங்கியவர் என்று மகரிஷியின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிற்பாடு அவர் மனு எழுதி, வழக்காடி, ஊரில் முக்கியப் புள்ளியானார். எழுத்தும் கணக்கும் ஓர் ஏழைச் சிறுவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இது ஒரு சான்று. அந்தக் கணக்குப்பிள்ளை பதவி 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பரம்பரையாக வந்த பதவி போனது சரியே. ஆனால் அந்தப் பதவி எப்படிக் கணக்கு எழுதியது, எதை மறைத்தது, எதைக் காட்டியது என்பதை விரிவாக எழுதிவைக்கும் வேலை மிச்சமிருக்கிறது. இன்றும் ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அடங்கலும் சிட்டாவும் பசலி ஆண்டுக் கணக்கில்தான் தணிக்கைக்கு வருகின்றன. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பது உங்களில் எத்தனை பேருக்கு வகுப்பறையில் சொல்லப்பட்டது?

நம் வட்டாரத்தில் கணக்கு ஏன் இவ்வளவு தடித்துக் கிடக்கிறது என்பதற்கு மண்ணே காரணம். மழை பெய்தால் கண்மாய் பெருகும், இல்லாவிட்டால் இல்லை. ஒரு வருட விளைச்சலை நம்பி அடுத்த வருடம் வாழ முடியாத ஊரில் கடனும் முன்பணமும் குத்தகையும் வாரமும் இல்லாமல் பிழைப்பு ஓடாது. அவை இருந்தால் எழுத்தும் இருந்தாக வேண்டும். வீரசோழன் ஆட்டுச் சந்தையில் தரகு உண்டு, சுங்கம் உண்டு. மிளகாயும் மல்லியும் பருத்தியும் கமிஷன் கடைக்குப் போனால் அங்கே ஒரு பேரேடு. அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்குப் பாவும் ஊடையும் கொடுத்தவரிடம் ஒரு பற்று நோட்டு. கருவேல மூட்டம் போடுகிறவருக்கும் கரி வியாபாரிக்கும் நடுவே ஒரு கணக்கு. கண்மாய் மீன் ஏலத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பொதுக்கணக்கு. திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் அதை வாசித்து ஒப்படைக்க வேண்டும். இராமநாதபுரத்து ஆறு நகரங்கள் என்று சொல்லப்படும் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவற்றில் நாடார் உறவின்முறைகள் சரக்கின் மேல் மகமை பிடித்து, அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிக்கூடங்கள் கட்டின. இதை 1969-ல் நூலாக எழுதியவர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர். பக்கத்துச் செட்டிநாட்டு நகரத்தாரின் வட்டித் தொழிலைப் பற்றி 1994-ல் விரிவான நூல் தந்தவர் டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். இருவருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் மகமைக் கணக்கையும் வட்டிக் கணக்கையும் கணக்கியலாளர் கண்கொண்டு வரிக்கு வரி படிக்கும் வேலைக்கு நம் பக்கத்து ஆட்கள் இனிமேல்தான் வர வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், எல்லோர் வீட்டிலும் இருக்கும் மொய் நோட்டிலிருந்து தொடங்கலாம் என்பேன். அதை யாரும் கணக்கு ஏடாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். முதலில் ஊர்ப்பெயர். அடுத்து தகப்பன் பெயரின் தலைப்பெழுத்தோடு ஆள் பெயர். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் பட்டப்பெயரோ வீட்டுப்பெயரோ சேர்ந்திருக்கும். வலக்கோடியில் தொகை. சில வரிகளின் மேல் பின்னாளில் வேறு மையில் ஒரு கோடோ சரிக்குறியோ இருக்கும். அது திருப்பிச் செய்துவிட்டதற்கு அடையாளம். இப்போது அந்த நோட்டைக் கணக்கியலாளராகப் படியுங்கள். அதில் இருப்பது வரவு மட்டும். நீங்கள் திருப்பிச் செய்த செய்முறை உங்கள் நோட்டில் தொகையாக ஏறுவதில்லை, அடுத்த வீட்டு நோட்டில் அவருடைய வரவாக ஏறுகிறது. இரண்டு வீட்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு கொடுக்கல் வாங்கலின் இரு பக்கமும் தெரியும். ஒரு கடைக்காரர் ஒரே பேரேட்டில் செய்வதை ஓர் ஊர் பல நோட்டுகளில் பிரித்து எழுதியிருக்கிறது. இதை இரட்டைப்பதிவு என்று அழைக்கலாமா? வட்டி எழுதாமல், ஆனால் கூட்டித் திருப்பும் எதிர்பார்ப்போடு, பல ஆண்டுகள் நிற்கும் இந்தப் பாக்கியைக் கணக்கியல் எந்தத் தலைப்பில் வைக்கும்? இது முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதுமான கேள்வி. உலகில் வேறெங்கும் இருந்து இதற்கு விடை வராது.

கடைப் பேரேடுகள் இன்னும் கடினமானவை. அவற்றை வாசிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வருவதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. அணாவும் பதினாறில் ஒன்று, மாகாணியும் பதினாறில் ஒன்று. ஆகவே ஐந்து அணாவைக் காலே மாகாணியாக எழுதினால் கணக்கு நேராக நின்றது. எடையில் நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று தனிக் குறிகள். இந்தக் குறிகள் ஒருங்குறியில் இடம்பெற்றுவிட்டன. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களுக்கும் அளவைகளுக்குமான 51 குறிகள் 2019-ல் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. கணினிக்குத் தெரிந்த எழுத்து வணிகவியல் மாணவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. இதைக் கற்பது எட்டாத காரியமும் அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, எண்சுவடியையும் திண்ணைப் பள்ளிக் கணிதத்தையும் கணக்கர்களின் அன்றாட வேலையையும் ஆராய்ந்து 2022-ல் நூலாக்கியிருக்கிறார். அவர் போட்ட பாதையில் கணக்கியல் பக்கமிருந்து நடக்க ஆள் வேண்டும்.

உங்கள் மனத்தில் எழும் மறுப்புகளை நான் ஒதுக்கிவிட்டுப் பேசவில்லை. முதலாவது, நம் ஊர்க் கணக்குகள் ஒற்றைப்பதிவு, அரைகுறை, அதில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது என்பது. இரட்டைப்பதிவு இல்லாமல் முதலாளித்துவமே இல்லை என்ற கருத்தை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் வெர்னர் சோம்பார்ட் பரப்பினார். 1949 தொடங்கி பேசில் யாமி என்ற பொருளியலாளர் பழைய ஐரோப்பிய ஏடுகளையும் நூல்களையும் படித்து அந்தக் கருத்தை ஆட்டம் காண வைத்தார். அன்றைய ஐரோப்பிய வணிகர் பலருக்கு அந்த முறை லாபநட்டத்தைத் துல்லியமாக அறியும் கருவியாக அல்ல, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் வழியாகவே பயன்பட்டது என்பது அவர் காட்டிய உண்மை. அப்படியானால் ஓர் ஏட்டிடம் நாம் கேட்க வேண்டியது அது எந்த வடிவம் என்பதை அல்ல. எந்த வேலையைச் செய்ய எழுதப்பட்டது, அந்த வேலையைச் செய்ததா என்பதைத்தான். பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார் மூன்றாண்டுக்கு ஒரு முறை மேலாளை மாற்றி, ஐந்தொகை எடுத்துக் கணக்கு ஒப்படைக்கச் செய்து, கடல் கடந்த தொழிலை ஊரில் இருந்தபடியே நடத்தினார்கள். அந்த ஏடுகளை அரைகுறை என்று பார்க்காமலே சொல்லிவிடுவது ஆய்வுக்கு அழகல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. கணக்கு ஏடு கொடுத்தவன் கையெழுத்து. வாங்கியவனுக்கு ஏடு இல்லை. நிலத்தை ஒத்திக்கு வைத்து இழந்தவர், பண்ணையில் முன்பணம் வாங்கிப் பிள்ளையோடு உழைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர் ஆகியோரின் பக்கம் அந்த நோட்டில் இருக்காது. இதை மறைத்து எழுதப்படும் கணக்கு வரலாறு புகழ்மாலையாகிவிடும். ஆனால் அதற்காக ஏட்டைத் தொடாமல் விட்டால் அந்த மக்களைப் பற்றிய எழுத்துச் சான்றும் சேர்ந்து போய்விடும். கெய்ட்லின் ரோசென்தால் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2018-ல் வெளியிட்ட நூலில், மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் இருந்த தோட்டங்களின் கணக்கு ஏடுகளைப் படித்து, அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களுக்கு ஆண்டுதோறும் விலை மதித்து எழுதிய கொடுமையை அந்த ஏடுகளைக் கொண்டே நிறுவினார். எழுதியவர் தமக்காக எழுதிய வரியே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. நம் பக்கத்திலும் பேரேட்டைப் பத்திரப் பதிவோடும் நீதிமன்றத் தீர்ப்போடும் கடன்பட்ட வீடுகளின் வாய்மொழியோடும் ஒப்பிட்டுப் படித்தால், வட்டி எங்கே ஏறியது, நிலம் எந்த வருடம் கை மாறியது என்பது துலங்கும். இன்று உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் கடனையும் வெளியிடக் கூடாது என்ற ஒழுங்கை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை. வரலாறு எழுதினால் வணிகவியல் துறையில் யார் மதிப்பார்கள் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கணக்கியல் வரலாற்றாளர்களுக்கென்றே 1973-ல் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. இந்தத் துறைக்கு மட்டுமே ஆங்கிலத்தில் மூன்று ஆய்விதழ்கள் வருகின்றன. ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் பற்றி அவற்றில் எழுதப்பட்ட அளவுக்கு இந்தியாவைப் பற்றி எழுதப்படவில்லை. ஏற்கெனவே ஆயிரம் பேர் நிற்கும் வரிசையில் ஆயிரத்தோராவது ஆளாக நிற்பதைவிட, ஆள் குறைந்த துறையில் உருப்படியான ஒரு வேலையைச் செய்வது ஆய்வு வாழ்வுக்கு உறுதியான அடித்தளம் என்றே நான் கருதுகிறேன். கல்லூரிப் பணியிடங்கள் குறைவு என்பது உண்மை. எந்தத் தலைப்பை எடுத்தாலும் அந்த நெருக்கடி இருக்கத்தான் செய்யும். வழிகாட்டிகளாக இருக்கும் ஆசிரியர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை: வினாப்பட்டியல் இல்லாத ஆய்வும் ஆய்வே. தேவைப்பட்டால் வரலாற்றுத் துறையிலிருந்து ஓர் இணை வழிகாட்டியைச் சேர்த்துக்கொண்டு இந்த மாணவர்களுக்கு இடம் கொடுங்கள்.

காத்திருக்க நேரமில்லை. கணக்கு ஏடுகளை எட்டு நிதியாண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக் கெடுவிலிருந்து 72 மாதங்கள் கேட்கிறது. அதற்குப் பின் ஏட்டை எடைக்குப் போடுவதில் சட்டப்படி தவறில்லை. கடை கைமாறும்போதும், ஓட்டு வீடு இடித்து மாடி கட்டும்போதும், பரணில் இருப்பது முதலில் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. அதைத் தடுக்கப் பெரிய பணம் தேவையில்லை. பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் தமிழ்க் கிராமங்களுக்குப் போய், வீடுகளில் இருந்த ஆவணங்களை அங்கேயே படமெடுத்து, மூலத்தை உரியவரிடமே விட்டுவந்திருக்கிறார்கள். அதே வழி நமக்கும் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் ஒரு கடை, ஒரு வீடு, ஒரு கோயில் அல்லது பள்ளிவாசல், ஓர் ஊர்ப்பொதுக்கணக்கு ஆகியவற்றை அணுகுங்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, பழைய ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் தெளிவாகப் படமெடுங்கள். யாருடையது, எந்தத் தொழில், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்தக் கையெழுத்தையும் குறிகளையும் வாசிக்கத் தெரிந்த முதியவர் இருந்தால் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். வணிகக் குடும்பங்களே, ஏட்டை எடைக்குப் போடும் முன் அருகிலுள்ள கல்லூரி வணிகவியல் துறைக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். ஆய்வு மாணவர்களே, அடுத்த முறை தலைப்புப் படிவத்தை நிரப்பும்போது உங்கள் ஊர்ப் பேரேடு ஒன்றின் பெயரை அதில் எழுதுங்கள். அதைப் படித்து எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான். நீங்கள் விட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்